கோவளத்தில் எனக்குக் கிடைத்த பட்டப்பெயர்

ஞாயிறு காலை 5.40. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வாடகைக் கார் கிளம்பியது. கோவளம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். போய்வர ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நாவலூரில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு வார வேலையாக ஹாங்காங்கிலிருந்து வந்திருந்த லாம் முன்சீட்டில். பின்னால் நானும் மகள் நித்யாவும். மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் முதல் நாள். ஏறும்போதே காதோரம் சொன்னாள்: “அப்பா, அவர் முன்னாடி என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாத, ப்ளீஸ். இனிமே யார் முன்னாடியும் வேணாம்.”

அட, இதற்கெல்லாமா ஒரு பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்!

6.05, வண்டலூர். பேச்சு பட்டப்பெயர்கள் பக்கம் போனது. லாம் நல்ல உயரம். அவர்கள் கான்டனீஸ் மொழியில் அலுவலகமே அவரை ‘கோ லோ’ என்கிறதாம், அதாவது நெட்டையன். கண்ணாடி போட்டவர் ‘நாலு கண்’. குண்டான பெண் ‘ஃபெய் மூய்’. எல்லாம் முகத்துக்கு நேரேதான்.

“நாங்களும் அப்படித்தான்! இவ எங்க குண்டூஸ்,” என்று மகளின் தோளைத் தட்டி, லாமுக்கு ஆங்கிலத்தில் அர்த்தமும் சொன்னேன்.

லாம் சிரிக்கவில்லை. நெருங்கியவர்கள்தான் அப்படிக் கூப்பிடலாம், இப்போதெல்லாம் சின்னப் பெண்களை அவர்களிடம் கேட்காமல் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றார். நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கோ எரிச்சல். பாசத்துக்கு அனுமதிச் சீட்டா வாங்குவார்கள்?

6.50, கோவளம். படகுகள் கரையேறியிருந்தன. வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரம், சங்கரா முன்னூறு. லாம் நண்டுக் கூடைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மீன் விற்கும் அக்கா ஒருத்தி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “இன்னா சொட்டை சார், சும்மா பாத்துகினு கீற? வஞ்சிரம் கீது, வா!”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் உரிமையாகத்தான் கூப்பிட்டாள், தெரியும். இருந்தும் கை தானாகத் தலைக்குப் போனது. சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

நித்யா எனக்கு முன்னால் வந்து நின்றாள். “அக்கா, எங்கப்பா பேரு சேகர்.”

“சர்தாம்மா. சேகர் சார், வாங்க, நல்லதா எட்த்துத் தரேன்.”

அவ்வளவுதான், முடிந்தது. ஒன்றரைக் கிலோ வாங்கினேன்.

8.15, கிளம்பும் நேரம். ஹாங்காங் என்ன, கோவளம் என்ன, எங்கேயும் உடம்பைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். ஒருதரம் சொன்னதும் அந்த அக்கா மாற்றிக்கொண்டாள். நான் பெற்ற பெண் கெஞ்சியும் நான் கேட்கவில்லையே! வெட்கமாகத்தான் இருந்தது. காரில் ஏறாமல் கடலைப் பார்த்து நின்றவளை, “நித்யா, வாம்மா, போலாம்,” என்றேன். திரும்பவில்லை. என் குரலில் தன் சொந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இன்னொரு தரம், சத்தமாகக் கூப்பிட்டேன்.