போனில் விழுந்த அருவியும் பத்தடிச் சுவரும்

பிரிண்டிங் கடையில் படம் சின்னதாக இருக்கும்வரை எல்லாமே அழகுதான். பெரிதாக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வாட்சப் படத்தைக் காட்டி, “சுவர் அளவுக்கு அடிங்க” என்பவர்களிடம் பேசி நொந்தவர்களுக்கு இது புரியும்.

உளுந்தளவு புள்ளி

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு, வரவேற்பறையின் பத்தடிச் சுவரில் மெயின் அருவி வேண்டுமாம். தண்ணீர் விழாத மாதங்களில் வருகிறவர்கள் முகம் வாடக் கூடாது என்பது அவர் எண்ணம். எங்கள் கடையில் கம்ப்யூட்டரில் ஓவியம் வரையும் ரஹ்மத், மாதிரிக்குச் சின்னதாக ஒன்று வரைந்து அவர் போனுக்கு அனுப்பினாள். அவருக்குப் பிடித்துவிட்டது. “அதையே அடி” என்றார் எங்கள் முதலாளி. ரஹ்மத் வேண்டாம் என்றாள், அவர் கேட்கவில்லை. ஒரு ஓரத்தை மட்டும் அடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு புள்ளியும் உளுந்தளவு சதுரமாக வந்தது. லாட்ஜ் அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, இதுல தண்ணி விழுதா, செங்கல் விழுதா?”

முதலாளியின் வைத்தியம்

முதலாளிக்கு அவமானமாகிவிட்டது. “சனிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா, இனிமே நம்ம கடையில வரையுற வேலையே கிடையாது. நெட்ல எடுத்து அடிச்சுக்கிடுவோம்” என்றார். அப்படியானால் ரஹ்மத்துக்கு இங்கே என்ன வேலை? அவரே ஒரு வழியும் சொன்னார்: ரெசல்யூஷன் கட்டத்தில், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்கும் இடத்தில், எழுபத்திரண்டை அழித்து முந்நூறு போட வேண்டுமாம். அவள் போட்டுக் காட்டினாள். அதே புள்ளிகள் நெருங்கி உட்கார்ந்தன; அடித்தால் படம் இன்னும் சின்னதாகத்தான் வரும்.

“நம்பரை மாத்தலாம் முதலாளி, புதுப் புள்ளி எங்கன இருந்து வரும்?”

முடியளவு பிரஷ்

பெரிய கேன்வாஸ் திறந்து மறுபடி ஆரம்பித்தாள். மாதிரியில் ஒரே இழுப்பில் பாறையை மூடிய பிரஷ், இதில் தலைமுடி போலக் கோடு போட்டது. பிரஷ்ஷைப் பெரிதாக்கினால் கம்ப்யூட்டர் திணறி, கை போன பிறகுதான் கோடு வந்தது. அவள் அசரவில்லை. பாறையையும் புகைபோன்ற சாரலையும் பாதி அளவில் வரைந்து பெரிதாக்கிக்கொண்டாள். மங்கலானவை பெரிதானாலும் கெடாதாம். துளிகளையும் விளிம்புகளையும் மட்டும் முழு அளவில், சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக வைத்தாள். எத்தனை பொறுமை! நான் பின்னால் நின்று, “சேவ் பண்ணிட்டியா, கரண்ட் போயிருமே” என்று புலம்பிக்கொண்டே இருந்தேன்.

“அக்கா, நீங்க விடுத பெருமூச்சுலதான் கம்ப்யூட்டர் தொங்குது.”

சனிக்கிழமை

லாட்ஜ் சுவரில் ஒட்டி முடித்தோம். லாட்ஜ் அண்ணாச்சி மூக்கு உரசப் பார்த்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். ரஹ்மத் தரையைப் பார்த்து நின்றாள். கடைசியில் அவர் எங்கள் முதலாளியின் தோளைத் தட்டினார்:

“மாடிக்கு ஐந்தருவி வேணும் வே. இந்தப் பிள்ளை முதல்ல வந்து சுவரைப் பாக்கட்டும், பிறகு வரையட்டும்.”

இப்போதெல்லாம் எங்கள் முதலாளி, யார் வந்தாலும் “எத்தனை அடி?” என்று கேட்ட பிறகுதான் “என்ன படம்?” என்று கேட்கிறார்.