நன்றி பேனரில் சித்தியின் வட்டம்

சித்தி மூக்கைச் சிந்தி எறிந்தாள். அது வெள்ளியாக மின்னியது. எனக்கு யோசனை வந்தது அந்த நொடியில்தான்.

ஆமத்தூரில் எங்கள் வீட்டுப் பின்புறம். பட்டாசுக் கம்பெனி வேன் இறக்கிவிட்ட கையோடு சித்தி குளிக்க உட்கார்ந்திருந்தாள். காதுமடல் வரை அலுமினியப் பவுடர். தலையில் ஊற்றிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் வழிந்து வாழைப் பாத்திக்கு ஓடியது. கண்ணுக்குத் தெரிகிற பவுடரே இவ்வளவு என்றால், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோன வெடியுப்பு எவ்வளவு இருக்கும்? கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரைத்தானே இவர்கள் குடிக்கிறார்கள்?

அன்று காலை உயிரித் தொழில்நுட்ப வகுப்பில்தான் படித்திருந்தேன்: வெடியுப்பில் இருக்கிற நைட்ரேட் பட்டால், சில பாக்டீரியாக்களுக்குள் ஒரு மரபணு சுவிட்ச் போட்டதுபோல வேலை செய்யத் தொடங்கும். அந்த சுவிட்சோடு பச்சையாக ஒளிரும் மரபணு ஒன்றை ஒட்டவைத்தால்? தண்ணீர் கெட்டிருந்தால் பாக்டீரியாவே காட்டிக்கொடுத்துவிடும்!

ஈரத்தலையோடு நின்ற சித்தியிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"ஏ புள்ள, பூச்சிய ஒளிர வைக்கவா காலேசுக்குப் போற?" என்றாள். ஆனாலும் மறுவாரம் தன் குடிதண்ணீர் பாட்டிலில் கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கல்லூரியிலேயே கொடுத்துவிட்டுப் போனாள்.

வகுப்பில் நாலு பேர் சேர்ந்து வேலையைத் தொடங்கினோம். பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு அக்கா, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல், மின்னஞ்சலில் திட்டித் திட்டியே எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மரபணுவை வடிதாளில் உலர்த்தி, சாதாரணத் தபாலில் அனுப்பிவைத்தார். இந்த இரண்டு பெண்களும் இல்லையென்றால் எங்கள் திட்டமே இல்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் லேப் வாசலைத் தாண்டியதில்லை. பாக்டீரியா வளர்க்கிற குழம்பின் நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். சித்தி பாட்டிலோடு வந்த அன்று மட்டும் புது டிஜிட்டல் கேமராவோடு ஓடிவந்து அவளைப் படம் எடுத்துக்கொண்டார்.

சித்தி கொண்டுவந்த தண்ணீரில் பாக்டீரியா ஒருவழியாக ஒளிர்ந்தது. வெளியூரில் நடக்கும் மாணவர் போட்டிக்கு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவுதான், எங்கிருந்தோ ஆதரவாளர்கள் முளைத்தார்கள். கல்லூரி வாசலில் பாராட்டு விழா, அதற்கு ஒரு நன்றி பேனர். யார் படம் பெரிது, யார் படம் மேலே என்று ஆசிரியர் அறையில் நடந்த சண்டையைக் கேட்டபோது குழம்பு நாற்றமே தேவலாம் என்றிருந்தது. கூட்டுறவு வங்கித் தலைவர் படத்துக்கு ஒரு வட்டம். தாளாளரின் மருமகனுக்கு ஒரு வட்டம். பாக்டீரியா என்றால் ஏதோ பல்வலி மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

பேனர் வடிவமைப்பைப் பார்க்க சிவகாசிக்குப் போனேன். கம்ப்யூட்டர் திரையின் நடுவில் தலைமை விருந்தினர்: எங்கள் ரயில் செலவை ஏற்றுக்கொண்ட பட்டாசு முதலாளி, சித்தி வேலை பார்க்கிற அதே கம்பெனிக்காரர். அவருக்கு நேர் கீழே, கையில் பாட்டிலோடு சித்தி. 'கம்பெனிக் கிணற்று நீர் தந்து உதவியவர்' என்று தங்க எழுத்தில்.

அங்கிருந்தே பேராசிரியருக்குப் போன் போட்டேன்.

"சார், சித்தி படத்த எடுத்துருவோம் சார். முதலாளி பாத்தா வேல போயிரும்."

"அதாம்மா விசேசமே! முதலாளியும் தொழிலாளியும் ஒரே பேனர்ல. பத்திரிகைக்காரன் விடுவானா?"

அடுத்து, எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, சித்தியைக் கூப்பிடச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யய்யோ! எனக்கு நன்றியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சீசன் நேரம், கம்பெனி கேட்டுலயே நிறுத்திட்டாகன்னா தீவாளிக்கு என்னத்தத் திங்க?" பதறியவள், அதே மூச்சில் கேட்டாள்: "படத்துல எந்தச் சேல கட்டியிருக்கேன்?"

வடிவமைக்கிற அண்ணாச்சியிடம் எடுக்கச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் சின்னதா இருக்குன்னு சண்டைக்கு வருவாக. எடுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான், தங்கச்சி. ஆனா வட்டம் காலியா கெடந்தா நல்லாருக்காது. வேற யாரையாச்சும் குடுங்க."

என் பென் டிரைவில் எங்கள் பாக்டீரியாத் தட்டின் படம் இருந்தது. வட்டத்துக்குள் அச்சாகப் பொருந்தியது. கீழே இருந்த தங்க எழுத்தையும் அழிக்கச் சொன்னேன்.

"இது என்ன, ஊத்தப்பமா?"

"இவுகதான்ணே மெயின் ஆளு."

விழா அன்று பேனரைப் பார்த்த பேராசிரியரின் முகம் கறுத்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. முதலாளி பேனர் முன்னால் நின்றார்.

"எனக்குக் கீழ இருக்கது யாரு?"

"நம்ம பாக்டீரியா சார். அதுக்கும் ஒரு நன்றி," என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"எங்கன உள்ள தண்ணியில சோதிச்சீக?"

பேராசிரியர் கண் இமைக்காமல் சொன்னார்: "எல்லாம் காலேஜ் குழாத் தண்ணிதான் சார்."

மேடையில் வேர்வை நாறும் பொன்னாடைகளை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டார்கள். சித்தி அதே நேரத்தில் கம்பெனியில், யாராலும் கேள்வி கேட்கப்படாமல், திரி செருகிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் எங்களுக்குச் செய்த ஒரே உதவி அந்தப் பொய். அதற்காக அவருக்கும் நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அடுத்த சீசனுக்குள் ஒன்று செய்யப்போகிறோம். ஒரே கிணறு, ஒரே பாட்டில் என்றால் கொண்டுவந்தவர் மாட்டிக்கொள்வார். அதனால் ஆமத்தூர், அச்சங்குளம், இருக்கன்குடி வரை வீட்டுக்கு வீடு, கிணற்றுக்குக் கிணறு பாட்டில் கேட்கப்போகிறோம். எல்லோரும் கொடுத்தால் யாரைக் கேட்டில் நிறுத்துவார்கள்? அதற்கு முன் பாக்டீரியாவைத் திருத்தவேண்டும். நல்ல தண்ணீருக்கும் அது லேசாக ஒளிர்ந்து தொலைக்கிறது. பெங்களூர் அக்கா ஒரு பக்கத்துக்குத் திட்டிவிட்டு, கடைசி வரியில் வேறொரு சுவிட்ச் அனுப்புவதாக எழுதியிருக்கிறார். தபால்காரருக்காகத்தான் காத்திருக்கிறேன்.