ஒட்டுப்பாலில் ஓடிய லோரி

கன்னையாவுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பான். சென்னையில் ரப்பரைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிள்ளை. அம்மா இராஜம்மாவைப் பார்க்க லீவில் கப்பலேறி வந்தான்; பின்னாலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் இல்லை, கடிதம் இல்லை, படிப்பு அந்தரத்தில் தொங்கியது. அண்ணன் தம்புசாமியைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இராஜம்மாவுக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான்.

சும்மா கிடந்தவனைத் தேடி வந்தவர் கிள்ளான் அப்துல் கனி, கருவாட்டு வியாபாரி. அவரிடம் லோரி இருந்தது, பெட்ரோல் இல்லை. பெட்ரோல் அத்தனையும் ராணுவத்துக்குப் போனது.

"தம்பி, தோட்டத்துல ரப்பர் ஒட்டுப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்குறானுங்களாம். அதுல என் லோரி ஓடுமா?"

"ஓடலாம் பாய். ஆனா முறையா சோதனை பண்ணணும். ஆறு மாசமாவது..."

"ஆறு மாசமா! அதுக்குள்ள நாமளே கருவாடாயிருவோம் லா. ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லு."

பல்கலைக்கழகத்தில் 'இன்னும் ஆராய வேண்டும்' என்றால் பேராசிரியர்கள் தலையாட்டுவார்கள். இங்கே அந்தப் பருப்பு வேகவில்லை. "ஓடும்" என்று சொல்லிவைத்தான். சொன்னதிலிருந்து தூக்கம் போயிற்று.

கிள்ளான் ஆற்றோரம் ஒரு கொட்டகையில் டிரம் வைத்துக் காய்ச்சினார்கள். முதல் எண்ணெயில் இன்ஜினுக்குள் பிசின் படிந்து அடைத்துக்கொண்டது. அப்புறம் எண்ணெயைச் சுண்ணாம்பு நீரில் கழுவி, மறுபடி காய்ச்சி வடித்தான் கன்னையா. லோரி கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியபோது கனி பாய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சோப்புக் காய்ச்சுகிறவர்கள்கூட அவனிடம் யோசனை கேட்டு வந்தார்கள். கூலியாக அரிசியும் கருவாடும் வீட்டுக்குப் போயின.

கனி பாய் ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார்.

"யாரு கேட்டாலும் நீ அடுப்புல விறகு தள்ளுற ஆளு. ரப்பர் படிச்சவன்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் உன்னை அப்படியே தூக்கிட்டுப் போயிருவான். எண்ணெய் நான் கண்டுபிடிச்சது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் பாசார்க் கடைத்தெருவில் யாராவது 'கனி எண்ணெய்' என்று சொல்லிவிட்டால் போதும், கன்னையாவுக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டுவான்.

ஒரு நாள் காலை ஜப்பான் அதிகாரி ஒருவன் கொட்டகைக்குள் நுழைந்தான். புட்டியில் இருந்த எண்ணெயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு தெளிவாக வருகிறது என்று மலாயில் கேட்டான். கன்னையா குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினான். கனி பாய் வளைந்து வணங்கிவிட்டு அளக்க ஆரம்பித்தார்.

"சுண்ணாம்பு போட்டா சூடு தணிஞ்சிரும் துவான். சூடு தணிஞ்சா தன்னால தெளிஞ்சிரும்."

அதிகாரி நக்கலாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் கன்னையாவால் தாங்க முடியவில்லை. சூடாவது தணிவதாவது! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தானா?

"சூடு இல்ல. எண்ணெயில இருக்குற அமிலத்தைச் சுண்ணாம்பு எடுத்துருது."

மலாயில் தொடங்கியவன் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவினான். பிசின் ஏன் படிகிறது, ஏன் மறுபடி காய்ச்ச வேண்டும் என்று கரித்துண்டால் தகரத்தில் படம் போட்டுக் காட்டினான். கனி பாய் அவன் காலை மிதித்தார். காலை நகர்த்திக்கொண்டு பேசினான். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு, இடையிடையே கேள்வி கேட்டான். எல்லாம் சரியான கேள்விகள். இத்தனை காலத்தில் கன்னையா சொல்வதைப் புரிந்து கேட்ட முதல் ஆள். என்ன சந்தோஷம் அந்தப் பாவிப் பிள்ளைக்கு!

கடைசியில் அதிகாரி பெயர் கேட்டான். கன்னையா அப்பா பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னான். அதிகாரி சிப்பாயிடம் என்னவோ சொல்லிவிட்டு வெளியே நின்ற வண்டியைக் கைகாட்டினான். அப்போதுதான் கன்னையா கரித்துண்டைக் கீழே போட்டான்.

"பைத்தியம் துவான், என்னமோ உளறுறான்!" என்று கனி பாய் குறுக்கே பாய்ந்தார். சிப்பாய் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கன்னையாவை வண்டியில் ஏற்றினான். விழுந்த இடத்திலிருந்தே கத்தினார்.

"உங்கம்மாகிட்ட நான் என்னத்தைடா சொல்லுவேன்?"

வண்டி நகர்ந்துவிட்டது. கன்னையா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க, பாய்!"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.