ஒரு பூ தள்ளி எண்ணும் சிப்

அதிவேகச் சிப் பழுதானால் புகை வராது, சத்தம் வராது. ரொம்ப அமைதியாகப் பொய் சொல்லும், அவ்வளவுதான். சோதனைக்கூடத்துக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தப் பொய்யைத் தேடுகிற என் இனத்தவர்களே, வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் இன்னும் கிட்டே வாருங்கள். என் மகள் தூங்குகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பூச்சரம்

பிரசவ விடுப்பு முடிந்து, பாச்சாங்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பிய முதல் வாரம், மேலாளர் குணா இந்தச் சிப்பை என் மேசையில் வைத்தார். ஒரே கம்பியில் மின்னல் வேகத்தில் ஓடிவரும் ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் வாங்கி, பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மரிக்கொழுந்து வரும். அதைக் கண்டதும் அங்கிருந்து பத்துப் பத்தாக எண்ண வேண்டும். இந்தச் சிப், மின்சாரம் கொடுத்ததும், சில நேரம் ஒரு பூ தள்ளி எண்ண ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு எல்லாப் பத்தும் தப்பு. ஆனால் சரியாக உட்கார்ந்துவிட்டேன் என்று பச்சை விளக்கு மட்டும் எரியும்.

சிப்பையே திருத்தினால் என்ன என்று கேட்டேன். ஏராளமாகச் செய்து அனுப்பியாயிற்றாம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா என்று காதைக் கொடுத்தபடியே குணா சொன்னார்: "சிப்பு அப்படித்தான் லா. நீ அதைச் சுத்திப் போற வழியப் பாரு."

நீலக் கண்

கம்பியில் வரும் சமிக்ஞையைத் திரையில் பார்த்தால் அது ஒரு கண்ணைப் போலத் தெரியும். எங்கள் ஆட்கள் அதைக் கண் என்றேதான் சொல்வார்கள். கண் அகலத் திறந்திருந்தால் சமிக்ஞை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முந்தைய இரவுகளின் தூக்கமெல்லாம் இமையில் தொங்க, மார்பில் பால் கனக்க, அந்த நீலக் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். சில சமயம் அது என்னை அம்மா என்று அடையாளம் கண்டுகொண்டதுபோல் இருக்கும்.

அந்த மயக்கத்தில்தான், சிப்பைச் சுற்றிப் போகும் வழியை வாடிக்கையாளருக்குக் குறிப்பாக எழுதினேன். மின்சாரம் வந்ததும் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லை அனுப்பிப் பார். தப்பாக வந்தால் வாங்கும் பக்கத்தை அணைத்துப் போட்டு மறுபடி எண்ண விடு. மூன்று தடவை பார். பிறகு ஓட விடு. மூன்று போதும் என்று நினைத்தேன், ஏனென்றால் சோதனைத் தளத்துப் பதிவேட்டில் ஒரு சிப்கூட இரண்டாம் தடவை தப்பாக எண்ணியதாக இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

வாடிக்கையாளர் கம்பெனியின் இன்ஜினியர் யாழ்ப்பாணத் தமிழர், ஓய்வுபெறும் வயது. நன்றி சொல்லப் போன் செய்தார். முதல் பெட்டிகள் அடுத்த வாரம் போகின்றன என்றார். என்ன பெட்டி என்று சும்மா கேட்டு வைத்தேன். "பிறந்த குழந்தைகளின்ட தலைமாட்டில வைக்கிற பெட்டி, பிள்ளை. மூச்சு எத்தனை, துடிப்பு எத்தனை எண்டு நர்ஸுக்குக் காட்டும்."

ஊதிப் போடுவது

அதோடு என் தூக்கம் போயிற்று. மகளின் மூச்சை எண்ணுவேன்; பத்து வந்ததும் சரியான இடத்தில்தான் தொடங்கினேனா என்று சந்தேகம் வந்து முதலிலிருந்து எண்ணுவேன். மறுநாள் கால்கள் தாமாகவே சோதனைத் தளத்துக்கு இறங்கிப்போயின. அங்கே பரமேஸ்வரி அக்கா இருந்தார். பாயா ரும்புட்டிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறவர், சிப்பைப் பொருத்தி விளக்கைப் பார்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். தெரிந்த சொல்லை அனுப்பிச் சரிபார்க்கும் சோதனைப் பலகையில் சிவப்பு எரிந்தது. அக்கா மாஸ்க்கை இறக்கி, சிப்பை ஊதி, மறுபடி பொருத்தினார். சிவப்பு. ஊதினார். பச்சை. பதிவேட்டில் பாஸ் என்று எழுதினார்.

இந்தச் சிவப்புகளை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். எழுதுவதே இல்லையாம். ஊதினால் மாறுகிற சிவப்பு என்றால் தூசி. அந்தத் தளத்தில் அதுதான் வழக்கம். என் சுத்தமான பதிவேடு முழுக்க அக்காக்களின் மூச்சுக்காற்று. இன்றைக்கு மட்டும் ஊதாமல், ஒவ்வொரு சிவப்பையும் எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு சிப் வந்தது, ஐந்தாவது தடவைதான் சரியாக எண்ணியது. நான் கொடுத்திருந்தது மூன்று. அக்கா சிப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "செவப்பையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா எப்பம்மா வீட்டுக்குப் போறது? நீ வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

வெறும் கோடு

மூன்றைப் பத்தாக்கி, அடுத்த குறிப்பில் சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்றார் குணா. பத்தும் ஓர் எண்தானே? பதினோராவது தடவைக்கும் ஒரு குழந்தை படுத்திருக்குமே? தெரிந்த சொல் சரியாக வரும்வரை திரையில் எண்ணே காட்டக்கூடாது, கோடு மட்டும் காட்டி மணி அடிக்க வேண்டும் என்றேன். ஓடும்போதும் அடிக்கடி அதே சொல்லை அனுப்பிப் பார்க்க வேண்டும். பெட்டி வெறுமையாக நிற்கிறது என்று ஆஸ்பத்திரிகள் சண்டைக்கு வரும் என்றார் குணா. வரட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நேரே போய் யாழ்ப்பாணத்து இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

கான்வென்டில் படித்தவளுக்கு, பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனக் குரல் தானாக வந்துவிடும். மூன்று என்பது என் தப்பு, ஐயா. தளத்தில் இறங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். கோட்டைப் பற்றியும் சொன்னேன். எங்கோ மழை, போனுக்குள்ளேயா வெளியிலேயா தெரியவில்லை. அடுத்த வாரத்து லாரியை நிறுத்தச் சொல்லி யாரிடமோ மலாயில் சொன்னது கேட்டது. பிறகு என்னிடம் வந்தார். "பிழையான எண்ணைவிட வெறும் கோடு நல்லது, பிள்ளை. கோட்டைக் கண்டா நர்ஸ் ஓடி வருவா. எண்ணைக் கண்டா வரமாட்டா."

ஒழுங்காக உட்காராத சிப்பைத் திருத்த எனக்கு இன்னும் தெரியாது. தனக்குத் தெரியவில்லை என்பதை அதன் வாயாலேயே சொல்ல வைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.