சீர்த்தட்டில் வைத்த செல்

தங்கச்சிக்குக் காது குத்தியபோது மாமா கொண்டுவந்த சீர்த்தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பட்டுப்பாவாடை, வளையல் எல்லாம் இருந்தன. கூடவே பேட்டரி செல்லும் இருந்தது. சீர்த்தட்டில் செல் வைத்தவர் எங்கள் ஊரில் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அம்மாவின் பிறந்த வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்தது. நாங்கள் இருந்தது மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லுக்குப் போகும் ரோட்டோரம். அப்பா கரும்பு வெட்டப் போவார். அம்மா களை எடுக்கவும் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கவும் போவாள். மாமா கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய கடையில் மூட்டை இறக்கினார்.

செல் அம்மாவுக்கு. நான் பிறந்த வருடம் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. முகத்தைப் பார்த்து உரக்கப் பேசினால் பாதி புரியும். பின்னால் நின்று கத்தினாலும் தெரியாது. அரசாங்க முகாமில் ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, ஓரத்தில் திருகு வைத்த டப்பா. அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். டப்பாவைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்தச் சின்ன செல் ஒன்று அதற்கு வேண்டும்.

மிஷின் இனாமாக வந்தது. செல் இனாமாக வரவில்லை. செல் தீர்ந்தால் கூலி வரும்வரை வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுவோம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது அப்படித்தான் தெரியும்.

அதனால்தான் மாமா சார்ஜ் போடும் செல்லாக வாங்கி வந்தார். அவர் வேலை செய்த கடை எல்லாப் பொருளிலும் தன் பெயரையே போட்டு விற்கும். பருப்பு, புளி, ஊதுவத்தி என்று ஆரம்பித்துச் செல்லுக்கும் வந்திருந்தது. மாமா ஒரு பாக்கெட் வாங்கி, மஞ்சள் தடவி, தட்டில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செல்லுக்கு மஞ்சள் தடவக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அதே நாளில் சித்தப்பாவும் செல் வாங்கி வந்துவிட்டார். அவர் அப்பாவின் தம்பி. பெங்களூரில் கம்பி கட்டும் வேலைக்குப் போய் மேஸ்திரி ஆனவர். அவர் கொண்டுவந்தது டிவி விளம்பரத்தில் வரும் பெரிய கம்பெனி செல். கூடவே ஒரு சார்ஜர். அதில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறியதும் பச்சையாகும். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பேரும் ஒரே சாமானை வாங்கி வந்ததுதான் வினை.

சித்தப்பா தட்டைப் பார்த்தார். பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

“இன்னா மச்சான், இது நீ மூட்டை எறக்கற கடை பேராச்சே. புளியும் இதே பேரு, ஊதுவத்தியும் இதே பேரு, செல்லும் இதே பேரு. எல்லாத்தயும் ஒரே மில்லுல அரைக்கறானுங்களா?”

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி காதில் இனிமேல் ஊதுவத்தி வாசனை வரும் என்று வேறொருவர் எடுத்துக் கொடுத்தார். அதற்கும் சிரித்தார்கள். எங்கள் ஜனம் சிரிப்பதற்கு அவ்வளவு போதும். அப்பா பக்கத்து ஆட்கள் அன்று ஜாஸ்தி, அம்மா பக்கத்து ஆட்கள் கம்மி.

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“தட்டுல வெச்சத திருப்பி எடுக்கறதா? அது எனக்கு வந்த சீரு. வெச்சிட்டுப் போ.”

அப்பாவுக்குச் சங்கடம். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் மச்சான். அவர் ஒரு வழி சொன்னார். இரண்டு செல்லையும் ஒன்றன்பின் ஒன்றாக மிஷினில் போட்டுப் பார்ப்பது. அதே சார்ஜர், பச்சை விளக்கு வரும்வரை சார்ஜ். எது அதிக நாள் நிற்கிறதோ அது நல்ல செல். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாமாவும் தலையாட்டினார். தங்கச்சியை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். இலை போட்டிருந்தது. உட்காரவில்லை.

தாய்மாமன் கை நனைக்காமல் போன விசேஷம் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. கூடப்பிறந்தவன் சாப்பிடாமல் போன வீட்டில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு அன்று பாயசம் இரண்டு பங்கு கிடைத்தது.

செல் செத்ததா இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டார். நான் ஐந்தாவது படித்தேன். காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை, பின்னால் நின்று சாதாரணமாக ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும். திரும்பினால் செல் இருக்கிறது. திரும்பாவிட்டால் இல்லை. இதுதான் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பரீட்சையிலும் நான் எழுதுகிற பக்கம். இதில் மார்க்குப் போடுகிற பக்கம். கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

முதலில் சித்தப்பா செல். அதைப் போட்ட நாளிலிருந்து அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. மில் சங்கு கேட்டது. அடுப்பில் சோறு கொதிப்பது கேட்டது. வேலை ஏவினால் நான் வாய்க்குள் முனகுவதும் கேட்டு முதுகில் ஒன்று விழுந்தது. கழனியில் இவளுக்குக் கேட்காது என்று நினைத்து இரண்டு பொம்பளைகள் இவளைப் பற்றியே பேச, அம்மா நிமிர்ந்து பதில் சொன்னாளாம். சந்தை நாளில் போட்ட செல் அடுத்த சந்தை நாள்வரை நின்றது. கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. சாதா செல் சாகும்போது கரகரவென்று இழுத்துக்கொண்டு சாகும். சார்ஜ் செல் சொல்லிக்கொள்ளாமல் சாகும். அம்மா “இன்னா, இன்னா” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். கத்தரிக்காய்க்காரி எடையைக் குறைத்துவிட்டாள்.

ஒரு வாரம் நின்றது என்று சித்தப்பாவுக்குப் போன் போனது. ஊதுவத்தி செல் ரெண்டு நாள் தாண்டினால் மீசையை எடுத்துக்கிறேன் என்றார். அவருக்கு அப்போது மீசை கொஞ்சம்தான்.

அன்று சாயங்காலமே மாமா செல்லைச் சார்ஜ் போட்டோம். நடுவில் கரண்ட் போய் வந்தது. பச்சை விளக்கு வந்ததும் அம்மாவே எடுத்து, மஞ்சளை முந்தானையில் துடைத்து, மிஷினில் போட்டாள்.

மறுநாளிலிருந்து மாமா தினமும் அப்பா போனுக்குக் கூப்பிட்டார். அப்பாவிடம் பேச மாட்டார். என்னைக் கேட்பார். “செல்லு உயிரோட கீதா?” என்பார். கீது மாமா என்பேன். சரி என்று வைத்துவிடுவார். மூட்டை தூக்கிய மூச்சு போனில் கேட்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அம்மா வேலை செய்யும் கழனிக்குப் போய், அவளோடு மில் ரோட்டில் நடந்து வருவது வழக்கம். அரவை சமயம் அது. கரும்பு டிராக்டர் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்த வாரம் ஒரு நாள் எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஆரன் அடித்தது. நான் குதித்து ஓரம் போனேன். அம்மா போகவில்லை. மறுபடி அடித்தான். அம்மா ரோட்டிலேயே நேராக நடந்தாள். டிரைவர் பிரேக் போட்டு, இறங்கி வந்து, முன்னால் நின்று திட்டினான். கரும்பு சரிந்தால் யார் பதில் சொல்வது என்றான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். ஒதுங்கி நின்று, போ என்று கையைக் காட்டினாள்.

நான் பயந்துபோனேன். டிராக்டருக்காக இல்லை. மாமா செல் செத்துவிட்டது என்று நினைத்தேன். முன்னால் ஓடி, காதைக் காட்டிக் கேட்டேன். அம்மா சேலைக்குள் கையை விட்டுத் துணிப்பையைத் தடவினாள்.

“செல்லு நல்லாத்தான் கீது. பின்னால போய்க் கூப்புடு.”

போய்க் கூப்பிட்டேன். உடனே திரும்பினாள்.

அப்படியானால் ஆரன் கேட்டுத்தான் ஒதுங்காமல் இருந்திருக்கிறாள். எனக்கு வேறு அர்த்தம் தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். எங்க அம்மா கரும்பு டிராக்டருக்கே ஒதுங்க மாட்டா என்று. நம்பாதவனைச் சாயங்காலம் ரோட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னேன். ஒருவன் வந்தும் பார்த்தான். அவன் அம்மா சைக்கிளுக்கே ஒதுங்குகிறவள். அதற்குப் பிறகு அவன் என்னிடம் வாலாட்டவில்லை.

சந்தை நாள் வந்தது. பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பினாள். சந்தை தாண்டியது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். திரும்பினாள். சனிக்கிழமையும் திரும்பினாள். போதும் என்று அப்பா சொன்னார். சித்தப்பாவுக்கும் அவரே போன் போட்டார். எத்தனை நாள் என்று சித்தப்பா இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்தச் செல்லில் நமக்கும் ஒரு பாக்கெட் சொல்லிவை என்றார். மீசையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தப் பாக்கெட்டை அவர் பெங்களூருக்கு வாங்கிப்போய் டார்ச்சில் போட்டார். சொன்ன நாள் நிற்கவில்லை. அவர் செல்லைக் குறை சொல்லவில்லை. பெங்களூர்க் குளிருக்குச் செல் விறைத்துப்போகிறது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். அப்பா ரோட்டு முனைக்கே போய்க் கூட்டிவந்தார். கோழிக் குழம்பு. அம்மா தலைவாழை இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, விசிறி வீசினாள். மாமா மூன்றாம் தடவை சோறு வாங்கினார். கடையில் எல்லோரும் கேட்டார்கள் என்றார், முதலாளியே கேட்டார் என்றார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. தினமும் கூப்பிட்டுப் பார்த்தவள் இவள்தான் என்று அப்பா என்னைக் காட்டிச் சொன்னதும், எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் வாயில் ஊட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் பக்கம் ஜெயித்துவிட்டது. அப்பா பக்கமும் என் பக்கம்தான் என்பது அன்று மறந்துபோனது.

எனக்குக் கல்யாணமாகி, என் மகனுக்கு ஒரு பொம்மைக் கார் வந்தபோதுதான் மீதி தெரிந்தது. அதற்கு எந்தச் செல் வாங்கலாம் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் அதில் தேறினவள் என்ற நினைப்பு எனக்கு.

“எத வேணா வாங்கு. ஆப் பண்ணி வெச்சா எல்லாச் செல்லும் நிக்கும்” என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். காலையில் நான் கூப்பிடும்போது மிஷின் திருகைப் போடுவாளாம். ஊரைத் தாண்டியதும் அணைத்துவிடுவாளாம். சாயங்காலம் வாசலுக்கு வந்த பிறகு மறுபடி போடுவாளாம். டிராக்டர் வந்த அன்று நான் பின்னால் போவதற்குள் போட்டுவிட்டாளாம். அந்த ரோட்டில் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“அவன் சாப்புடாம போய்ட்டான் இல்ல” என்றாள். டிராக்டரைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் சொன்னது பொய்யாகவில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மாமா சாப்பிட்டுப் போன அந்த ஞாயிறு சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டி நடந்தது. நான் முதலாவதாக வந்தேன். அதுவரை நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. போட்டி நடந்த அன்று கழனியிலிருந்து வீடுவரை அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். யார் யார் ஓடினார்கள், எங்கே முள் குத்தியது, எவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், கயிற்றைத் தொட்டதும் டீச்சர் என் கையை எப்படித் தூக்கிப் பிடித்தார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே நடந்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மாமாவின் பஸ் போனதும் அம்மா வீட்டுக்கு வந்து, துணிப்பையை வெளியே எடுத்து, திருகை முழுசாகத் திருப்பினாள். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னாள்.

“அன்னிக்கு ரோட்ல இன்னாமோ சொல்லிக்கினு வந்தியே. மொதல்லேர்ந்து சொல்லு.”

அதான் சொல்லிட்டேனே என்றேன். இருக்கட்டும், திரும்பச் சொல்லு என்றாள். வெளியே பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“ஓட்டத்துல நான்தாம்மா மொதலு. அவ்ளோதான்.”

அம்மா காதிலிருந்த ஒயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் வரும் என்று என் வாயைப் பார்த்தாள். நான் விளையாட ஓடிவிட்டேன்.