ஓடாத காருக்கு எதற்குப் பிரேக்?

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். மேலப்பாளையத்துக்குச் சற்று வெளியே, பாளையங்கால்வாயைப் பார்த்து இறங்கும் ஒரு தெருவில், முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளையைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தேன். பயப்பட வேண்டாம், அவர் நன்றாக இருக்கிறார். இரண்டு குழந்தைகள். அன்று பாதி செத்தது நான்தான்.

அப்போது எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. அந்த வயதில் சிலருக்குப் பக்தி வரும், சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்குக் கார் வந்தது. வள்ளியூரில் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் அதைப் பார்த்தேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. வெளியே பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார். உள்ளே இருப்பதோ ரேஸ் வண்டிக்கான இன்ஜின். ஆலைக்கார அண்ணாச்சியின் மாமா இளவயதில் அதில் கன்னியாகுமரிக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டு வருவாராம். நான் பார்த்தபோது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குக் கோழி தெரியவில்லை. சிவப்புப் பெயின்ட்டும், வட்ட வட்டமான மீட்டர்களும், மரத்தில் இழைத்த ஸ்டீயரிங்கும்தான் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து, ஒரு நாள் எங்கள் ஊர் ஜங்ஷன் வழியாக, ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பார்க்க, உறுமிக்கொண்டு போக வேண்டும். அதுதான் திட்டம்.

"ஓடாத கார்ல ஏறி எங்க போகப் போறிய?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானது என்பதால், அன்றைக்கே போய் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

மேலப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. அவர்தான் தன் ஜீப்பைக் கொண்டுவந்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவர் முகத்தில் துக்க வீட்டுக் களை.

"இன்ஜின் இறுகிப் போச்சு வே. பிரேக்கு சுத்தமா இல்ல. கயித்தக் கட்டி இழுத்தா, நான் நிப்பாட்டும்போது நீரு வந்து என் முதுகுல ஏறிருவீரு."

கயிற்றுக்குப் பதிலாக ஓர் இரும்புக் குழாயை இரண்டு வண்டிக்கும் நடுவில் பூட்டினார். ஜீப் நின்றால் கார் நிற்கும். காருக்குப் பிரேக் ஜீப்தான். கிளம்பும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. "ஸ்டீயரிங்கப் பிடிச்சிட்டு சும்மா இரியும். கியர்ல மட்டும் கை வச்சிராதீரும். இறுகுன இன்ஜின். கியர் விழுந்தா சக்கரம் அப்படியே நட்டுக்கிட்டு நின்னுரும்."

வள்ளியூரிலிருந்து வழி நெடுக அந்தக் கியர்க் கம்பியை, பக்கத்தில் படமெடுத்து நிற்கும் நல்ல பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மேலப்பாளையத்தை நெருங்கும்போது ஜீப்பின் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து ஆவி கிளம்பியது. பாய் குழாயைக் கழற்றி, ஜீப்பை மரத்தடிக்கு ஒதுக்கி, என் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, புது ஹோஸ் வாங்க டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சாயங்கால நேரம். சும்மா இருக்க மாட்டாமல் என் துண்டை நனைத்துக் காரைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு தெரிந்தது. கண்ணாடி மாதிரி மின்னிற்று. வினை அங்கேதான் ஆரம்பம்.

ஒரு கல்யாண வீட்டிலிருந்து பட்டு வேட்டி கட்டிய ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பெண்ணின் தகப்பனார். பின்னாலேயே நாலைந்து இளவட்டங்கள். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை மாலையும் கோட்டுமாகக் காத்திருக்கிறார். தச்சநல்லூரிலிருந்து வர வேண்டிய அழைப்புக் கார் வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் அழைத்து வருவது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை நடந்து வந்தார் என்று ஆகிவிட்டால், பேரன் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன், "அப்போ நடைதானோ?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

"அண்ணாச்சி, ஒரு தெருத் தூரந்தான். எம் மானத்தக் காப்பாத்துங்க."

"இது ஓடாதுங்க."

"ஓட வேண்டாம். ஊர்வலம் எப்படியும் நடைதான? பயலுவ தள்ளிக்கிடுவானுவ."

"ஐயா, பிரேக்கும் கிடையாது."

அவர் ஒரு கணம் யோசித்தார். இளவட்டத்தில் ஒருவன் யோசிக்கவே இல்லை. "ஓடாத காருக்கு எதுக்கு அண்ணாச்சி பிரேக்கு? ஓடுனாத்தான நிக்கணும்?"

இத்தனை வருடம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் நான். இவ்வளவு ஓட்டையில்லாத வாதத்தை எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. அதோடு, என் காரை 'மானத்தைக் காக்கும் வண்டி' என்று உலகத்தில் முதல்முதலாக ஒருவர் மதிக்கிறார். வாயைத் திறந்தேன், திறந்த வாய்க்குள் மல்லிகை வாசம் வந்துவிட்டது. அதற்குள் காரைப் பூவால் மூடியிருந்தார்கள். முன் கண்ணாடி முழுக்கச் சரம். டம்ளர் வாய் அகலத்துக்கு ஓர் ஓட்டை. அது வழியாகத்தான் எனக்கு உலகம்.

மாப்பிள்ளை பின் சீட்டில், கோழி இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் தள்ளுகிற படை. சமதரையில் ஊர்வலம் அற்புதமாகப் போனது. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு கம்பீரம் வந்துவிட்டது. யாரோ ஓர் அம்மாள் எனக்கும் சேர்த்துத் திருஷ்டி கழித்தாள்.

மண்டபத் தெருவுக்குள் திரும்பினோம். அப்போதுதான் டம்ளர் ஓட்டைக்குள் தண்ணீர் தெரிந்தது. தெரு நேராகச் சரிந்து இறங்கி, கால்வாய் படித்துறையில் முடிகிறது. படித்துறைக்கு முந்திய கட்டடம் மண்டபம். அதன் முன்னால், நட்டநடுத் தெருவில், பன்னீர்ச் செம்போடு பெண்ணின் தகப்பனார். எங்களுக்கு முன்னால் குறுக்குச் சந்து வழியாக ஓடி வந்து, வரவேற்க நிற்கிறார்.

சரிவில் கார் தானாகவே உருளத் தொடங்கியது. பின்னாலிருந்து சந்தோஷக் கூச்சல். "ஏலே, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டுடோய்! கைய எடுங்கலே!"

எடுத்துவிட்டார்கள். கை தட்டவும் செய்தார்கள்.

ஹாரனை அமுக்கினேன். அது எப்போதோ செத்துப்போன ஹாரன். பிரேக்கை மிதித்தேன். கால் தரையைத் தொட்டதோடு சரி. முன்னால் நாதஸ்வரக்காரரின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. 'விலகுங்க' என்று கத்த வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "நில்லுங்க! நில்லுங்க!"

அவர்கள் நின்றார்கள். நின்றது மட்டுமா, மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறார்போல என்று நினைத்து, காரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரு கீர்த்தனையை விஸ்தாரமாக ஆரம்பித்தார்கள். தவில்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, பைய போங்க" என்றார் மாப்பிள்ளை.

"நான் போகல மாப்பிள்ள, அதுவா போகுது!"

"அப்போ பிரேக்கப் பிடிங்க!"

"எங்க இருக்கு, பிடிக்க?"

கை பிரேக்கை இழுத்தேன். அது வேரோடு கிழங்கு வருவதுபோல, அலுங்காமல் என் கையோடு வந்துவிட்டது. அதை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. கண்ணை இறுக மூடி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு, கைக்கு அகப்பட்ட ஒரு கம்பியைக் கட்டிப் பிடித்துத் தொங்கினேன்.

கடகடவென்று ஒரு சத்தம். அடுத்து ஒரு குலுக்கல். டயர் கிறீச்சிட, கார் செத்தாற்போல் நின்றது. அதே நொடியில் தவிலில் ஒரு சுற்றின் கடைசி அடியும் விழுந்தது. கண்ணைத் திறந்தால், தவிலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. நான் கட்டிக்கொண்டிருந்தது கியர்க் கம்பி.

தெருவே ஆர்ப்பரித்தது. "அண்ணாச்சி தாளத்துக்கு நிப்பாட்டுதாரு பாத்தியாலே! கைன்னா அது கை!" தவில்காரர் கண்ணைத் திறந்து, பம்பரைப் பார்த்து, ஒரு கலைஞனுக்கு இன்னொரு கலைஞன் வைக்கும் கும்பிடு வைத்தார். மாப்பிள்ளை முன் சீட்டுக்கு வந்திருந்தார், தலைகீழாக. அவர் மாலை என் கழுத்தில்.

கார் அதற்குமேல் அசையவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச தூரத்தை மாப்பிள்ளை நடந்தே கடந்தார். இவ்வளவு அட்டகாசமாக வந்து இறங்கியவரை நடந்து வந்ததாகத் தாய்மாமனாலும் சொல்ல முடியவில்லை.

நான் மட்டும் கியர்க் கம்பியைக் கட்டிப் பிடித்தபடியே இருந்தேன். பெண்ணின் தகப்பனாரே வந்து என்னைக் கைத்தாங்கலாக முதல் பந்தியில் உட்கார்த்தினார். கார் நேராக வரும்போது ஓர் அங்குலம் நகராமல், செம்பும் கையுமாக நின்ற மனிதர். நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது இவர் எப்படி மலை மாதிரி நின்றார்! எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டே விட்டேன். "வண்டி வாறதப் பாத்தும் நீங்க விலகவே இல்லியே?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இலையில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றுகிற சாக்கில் குனிந்தார்.

"விலகணும்னுதான் அண்ணாச்சி நெனச்சேன். காலு வரல. செம்புல இருந்த பன்னீர் பூரா எம் வேட்டியிலதான் இருக்கு. வெளிய சொல்லிராதீங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பந்தியே திரும்பிப் பார்த்தது.

பாய் ஹோஸோடு வந்து சேர்ந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். "கியர்ல கை வைக்காதீரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே வே!"

"கை வைக்கல பாய், தொங்கினேன்."

கார் வாங்கப் போன நான் அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது கழுத்தில் கல்யாண மாலை. அதற்கு என் மனைவி கேட்ட கேள்விகளைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

வண்டி இப்போது ஓடுகிறது. பிரேக்கைத்தான் முதலில் மாட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷன் வழியாக உறுமிக்கொண்டும் போயாகிவிட்டது. ஆபீஸ்காரர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் இன்றும், எந்த நெருக்கடியிலும் அசையாமல் நிற்கும் ஒரு மனிதரைப் பார்த்து என்னை நானே தாழ்வாக நினைக்கும்போதெல்லாம், நனைந்த அந்தப் பட்டு வேட்டி நினைவுக்கு வந்து, இவருக்கும் கால் வரவில்லைபோல என்று தோன்றும். உடனே எனக்கு அவர்மேல் மரியாதை போவதற்குப் பதிலாக, ஒரு சொந்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது.