சிறுத்துப்போன எழுத்து

பெங்களூரில் எலிகளின் மூளையில் பார்க்கின்சன் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார் டாக்டர் ஃப்ளோரா. 2006 கிறிஸ்துமஸுக்கு விருத்தாசலம் வந்தபோதுதான் அப்பா பிலோமின்ராஜ் விஷயத்தைச் சொன்னார். செராமிக் கம்பெனியில் சரக்குப் பெட்டிகளின் மேல் முகவரி எழுதும் வேலையிலிருந்து அவரை நிறுத்திவிட்டார்களாம்.

“எழுத்து எறும்பு மாதிரி இருக்குதுன்றாங்கம்மா. லாரிக்காரனுக்குத் தெரியலையாம்.”

ஃப்ளோராவுக்குச் சுரீரென்றது. எழுத்து சிறுத்துப்போவது அந்த நோயின் ஆரம்ப அடையாளம். கருத்தரங்குகளில் அதைத் திரையில் காட்டி விளக்குபவரே ஃப்ளோராதான். அப்பாவின் கடிதங்களோ இரண்டு வருடமாகவே சிறுத்துக்கொண்டு வந்தன. “மையை மிச்சம் புடிக்கிறீங்களாப்பா?” என்று போனில் கேலி செய்திருந்தார்.

“கண்ணாடிய மாத்துனா சரியாயிடும்” என்றார் அப்பா.

“கண்ணாடி இல்லப்பா” என்று ஆரம்பித்தார் ஃப்ளோரா. “ரெண்டு வருஷமா உங்க லெட்டரப் பாத்தும் நான்தான் கவனிக்கல.”